கடுகளவு ஓட்டைகள்

சமையல்காரரின் கோட்டைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது வலது பையின் அடியில் மூன்று வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. ஒவ்வொன்றும் கடுகளவு. நூல் இழுபட்ட தடம் இல்லை, கிழிசல் இல்லை, எதிலோ மாட்டிய அடையாளம் இல்லை. அந்த மூன்று இடங்களில் மட்டும் துணி இருந்தது, பிறகு இல்லை. அவ்வளவுதான்.

ஊசி அதை மேசைமேல் போட்டாள். பதினான்காவது கோட்டு.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அந்த ஓட்டலின் சலவை அறையில் பதினோரு வருஷமாக அவள் ஊசி. சட்டைக் காலரில் எந்நேரமும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும் என்பதால் வந்த பெயர். அவள் வாயிடம் மாட்டியவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

சமையலறைக்காரர்களின் வெள்ளைக் கோட்டு மற்ற இடங்களில் ஒரு வருஷம் தாங்கினால் பெரிது. ஊசியிடம் நான்கு வருஷம் தாங்கும். மந்திரம் ஒன்றுமில்லை. பொத்தானை எல்லாம் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் மெஷினில் போடுவாள். தேய்வது உள்பக்கமாகப் போகட்டும் என்பதற்காக. எண்ணெய்க் கறை பட்ட இடத்தில் மட்டும் முன்கூட்டியே சோப்பு தடவுவாள். ஒரு கறைக்காக முழுக் கோட்டையும் கொதிக்க வைக்க மாட்டாள். உலர்த்தும் மெஷினின் வலையில் சேரும் பஞ்சைக் காட்டி, "இது தூசி இல்ல, நம்ம கோட்டு. கொஞ்சம் கொஞ்சமா இங்க வந்து சேருது" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு, துணியைக் கொடியில்தான் போடுவாள்.

அப்படிப்பட்ட கோட்டுகளில்தான் ஐந்து வாரமாக ஓட்டை. நேற்று மதியம், விருந்தாளிகள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கும் சமையலறையில், தலைமைச் சமையல்காரர் கையை உயர்த்தினார். கைமடிப்பில் நான்கு ஓட்டை. குழந்தை ஒன்று கை நீட்டிச் சிரித்ததாம். மனிதர் இன்னும் ஆறவில்லை. ஓட்டை விழுந்த கோட்டை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிச் சலவை அறை வாசலில் வீசிவிட்டுப் போயிருந்தார்.

இன்று இரண்டரை மணிக்கு மேலாளர் ஒரு தாளுடன் வந்தார்.

"நீங்க உக்காருங்கம்மா. உங்க மேல எங்களுக்கு ஒரு துளி சந்தேகம் கிடையாது" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிப்பவர்களிடம் ஊசிக்கு எப்போதுமே பயம்.

"அப்ப யார் மேல சார் சந்தேகம்?"

அவர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்த பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்தார். அதில் நான்கு வரி. வெளுப்புத்தூளை அளவுக்கு மீறிக் கொட்டி ஓட்டல் உடைமையைச் சேதப்படுத்தியதால் சலவைப் பணியாளர் இன்றுடன் விடுவிக்கப்படுகிறார். கீழே, இதைச் சலவைப் பொறுப்பாளரும் உறுதி செய்கிறார் என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"அஞ்சு மணிக்கு வர்றேன். தலைமைச் சமையல்காரரும் வருவார். போட்டு வைங்க."

"சார், பவுடர்தான் காரணம்னு யார் சொன்னா?"

"நீங்கதானே சொன்னீங்க!" மேலாளர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "மூணு வாரத்துக்கு முன்னாடி நான் கேட்டப்ப, பவுடர் கொஞ்சம் கூடிருக்கும்னு சொல்லலை?"

சொன்னாள். அவசரத்தில், எதையோ மடித்துக்கொண்டே, வாயில் வந்ததைச் சொன்னாள். அந்த ஒரு பேச்சு இப்போது நான்கு வரியாக வளர்ந்து மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது.

கதவு சாத்தியதும் மெஷின் பக்கமிருந்து குரல் வந்தது.

"பேனா வேணுமா அண்ணி?"

அந்தப் பெண் ஊசியின் நாத்தனார். கணவரின் கூடப் பிறந்த ஒரே தங்கை. சலவை அறைக்கு வந்த முதல் வாரத்தில் சோப்பை அளவு தெரியாமல் கொட்டி, நுரை கதவிடுக்கு வழியாக நடைபாதைக்கு வந்து, ஒரு விருந்தாளியின் பெட்டியை நனைத்தது. அன்றிலிருந்து அவள் நுரை. அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அதன்பிறகு அவள் ஒரு சிட்டிகை கூடக் கூட்டிப் போட்டதில்லை. ஆனால் பெயர் பெயர்தான். எது பொங்கினாலும், எது வெளுத்தாலும், எல்லோர் கண்ணும் முதலில் அவள் பக்கம்தான் போகும்.

புருஷனை விட்டுப் பிரிந்து, ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். இந்த வேலைதான் அவளை அந்த வீட்டில் அண்டி நிற்பவளாக இல்லாமல் கூட இருப்பவளாக வைத்திருந்தது. இந்த நான்கு வரியோடு வெளியே போனால் வேறெந்தச் சலவைக்கூடத்திலும் வேலை கிடைக்காது. அது இருவருக்குமே தெரியும்.

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள் ஊசி. "நெஜத்த சொல்லு. அளவு கூடிடுச்சா?"

"ஆறு வருஷமா ஒரே ஸ்பூன், ஒரே மட்டம். விரலால வழிச்சுதான் போடுறேன். பக்கத்துல நின்னு பார்த்தவங்க நீங்க. இப்ப எங்கிட்ட கேக்குறீங்க."

"கேக்காம எப்படி தெரிஞ்சுக்கறது?"

"மேலாளர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்ல?"

ஊசிக்குச் சுருக்கென்றது. கோட்டு மூட்டையை இழுத்து வந்து மறுபடி அவிழ்த்தாள். மணி இரண்டு ஐம்பது.

எதையும் வாயால் தீர்க்க முடியாதபோது கையால் தீர்ப்பது அவள் வழக்கம். முதலில் வெளுப்புத்தூள். அதிகமாகத் தூள் போட்டால் துணிக்கு என்ன ஆகும்? தண்ணீர் டிரம் முழுக்கச் சுற்றுகிறது. தூள் தண்ணீரில் கரைந்திருக்கிறது. ஆக, கெடுதல் என்றால் துணி முழுவதும் கெட வேண்டும். கோட்டு பூராவும் நூல் நைந்து, பழைய காகிதம் போலக் கிழிய வேண்டும். அப்படியா இருக்கிறது?

ஓட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி ஒரு நூலை உருவினாள். அதே வயசுள்ள, ஓட்டை இல்லாத கோட்டிலிருந்து இன்னொரு நூல். முதல் நூலில் ஒரு காலிப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். பாட்டிலின் கழுத்துவரை தண்ணீர் ஏறியபிறகுதான் நூல் அறுந்தது. இரண்டாவது நூலும் ஏறக்குறைய அதே இடத்தில் அறுந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள், பாதி தனக்கே. "துணி நல்லாத்தான் இருக்கு. அந்தப் புள்ளி மட்டும்தான் செத்திருக்கு."

நுரை மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது மெஷின். டிரம்மின் உள்சுவரில் எங்காவது இரும்புப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் துணியைக் குத்தும். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தட்டுப்படாது. ஆனால் மெல்லிய நைலான் காலுறைக்குத் தட்டுப்படும். விருந்தாளி யாரோ விட்டுப்போன காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, இடுப்புவரை டிரம்முக்குள் நுழைந்து, ஒவ்வொரு துளையோரமாகத் தடவினாள். முதுகு வலித்தது. காலுறை வழுக்கிக்கொண்டு போனது. எங்கேயும் மாட்டவில்லை.

"பூச்சியா இருக்குமோ?" நுரை இப்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"பூச்சின்னா ஓரம் அரிச்ச மாதிரி இருக்கும். மடிச்சு வெச்ச அலமாரியில விழுந்திருக்கணும். நம்ம கோட்டு அலமாரில ஒரு நாள் கூட தூங்கறதில்லயே."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஓட்டையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு வளையம், வெளிறிய பழுப்பு நிறம். எல்லா ஓட்டையிலும் இல்லை. பாதியில் இருந்தது. தேநீர்க் கறையா? தேநீர் துணியைத் தின்னாது.

ஓட்டைகள் எங்கே இருக்கின்றன? அதையும் பார்த்தாள். முதுகில் ஒன்றுகூட இல்லை. பையின் அடியில், கைமடிப்பின் உள்ளே, காலர் மடங்குகிற இடத்தில். தண்ணீரில் எதுவோ சுற்றி, கனமாக இருப்பதால் கீழே இறங்கி, எங்கெல்லாம் துணி குழிந்து ஏந்துகிறதோ அங்கெல்லாம் தங்கியிருக்கிறது.

என்ன அது?

மணி மூன்று இருபது.

"அண்ணி, கோட்டை குழு பிரிச்சுப் பாருங்க" என்றாள் நுரை திடீரென்று. "எல்லா நாளும் பவுடர் போடுறது நான்தானே? என் கைதான் கனம்னா எல்லா நாளும் ஓட்டை விழணும்."

சரியான பேச்சு. ஊசிக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். கோட்டுகள் நாள் மாறிக் கலந்துவிடக் கூடாது என்று காலரின் உள்ளே வண்ண நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருந்தவளே அவள்தான். திங்கள் துவைப்பது சிவப்பு, செவ்வாய் பச்சை, இப்படி. ஒரு குழு எப்போதும் தன் நாளில்தான் துவைக்க வரும்.

இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலராகத் திருப்பினார்கள்.

நீலம். நீலம். நீலம். மறுபடி நீலம்.

பதினான்கும் நீலம்.

"சிவப்பு ஒண்ணு கூட இல்ல" என்றாள் நுரை. "பச்சை இல்ல. மஞ்சள் இல்ல. எல்லாம் அடுமனைக்காரங்க கோட்டு. வியாழக்கிழமைக் கோட்டு."

"தலைமைச் சமையல்காரரோடது?"

"ரொட்டி வேலையை மேற்பார்வை பார்க்கிறதால அவரோடதும் நீலத்துலதான் வருது."

"அப்ப உன் கை இல்ல" என்றாள் ஊசி.

"அதைத்தான் ரெண்டரை மணிலேர்ந்து சொல்றேன்."

"இரு. வியாழக்கிழமை மட்டும் என்ன வேற?"

கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

டிரம்முக்கு முப்பது கோட்டு கணக்கு. அதற்கு மேல் திணித்தால் துணி புரள இடமில்லாமல் ஒன்றையொன்று அரைக்கும். குறைந்தாலும் கெடுதல்தான், இது நிறையப் பேருக்குத் தெரியாது. டிரம் பாதி காலியாக இருந்தால் துணி உச்சிவரை ஏறி, அங்கிருந்து பொத்தென்று விழும். ஒரு துவைப்பில் நூற்றுக்கணக்கான தடவை. கல்லில் அடித்துத் துவைப்பது மாதிரி. அதனால் மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி நிரப்ப வேண்டும் என்பது ஊசியின் சட்டம். அதில் விட்டுக்கொடுக்கவே மாட்டாள்.

ஏழு வாரத்துக்கு முன்பு அடுமனையில் ஆட்களைக் குறைத்து வேறு பகுதிக்கு மாற்றினார்கள். வியாழக்கிழமைக் கோட்டுகள் முப்பதிலிருந்து பதினேழு ஆயின. டிரம் பாதி காலி. கோட்டு அடிபடுமே என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. இடத்தை நிரப்ப, வெளிர் நிறத்தில், கனமாக, ஏதாவது வேண்டியிருந்தது. கிடைத்தது, வியாழன் காலையில் அவளே எடுத்து வருகிற ஒன்று. கணவரின் ஏப்ரன், அவருடைய துடைக்கும் துணிகள்.

அவளுடைய கணவர் அதே ஓட்டலில் கத்திகளுக்குச் சாணை பிடிப்பவர். ஒவ்வொரு புதன்கிழமையும் நாள் முழுக்க, சமையலறையின் அத்தனை கத்தியையும்.

சாணை பிடிப்பது என்றால் என்ன? கத்தியிலிருந்து இரும்பைச் சுரண்டி எடுப்பது. சுரண்டிய இரும்பு எங்கே போகும்?

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கோட்டு அடிபடக் கூடாது என்று அவளே எடுத்துப் போட்டது. யாரும் சொல்லிச் செய்யவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. மேலாளர் ஒரு துளி சந்தேகம் இல்லை என்று சொல்லிப் போயிருக்கிறார். மேசையில் தாள் இருக்கிறது. அவள் வாயைத் திறக்காவிட்டால் இந்த அறையில் இது யாருக்கும் தெரியாது. அடுத்த வியாழனிலிருந்து ஏப்ரனைப் போடாமல் விட்டால் போதும், ஓட்டை தானாக நிற்கும். நுரை போனதால் நின்றது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

அந்த நினைப்பு எவ்வளவு சுலபமாக, எவ்வளவு ஒழுங்காக மடித்து வைத்தது போல வந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். கணவர் பின்கட்டில் ஈரக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, சுவத்துல கத்தி ஒட்டி வெப்பீங்களே, அந்தக் காந்தப் பட்டை ஒண்ணு குடுங்க."

"எதுக்கு?"

"ஓட்டை தேட."

"ஓட்டை போய் காந்தத்துல ஒட்டுமா? வெயில் தலைக்கேறிடுச்சா உனக்கு?" சிரித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி விஷயம் காதுல விழுந்துச்சு. நீ ஏதும் கையெழுத்து போட்டுடலயே?"

"இன்னும் இல்ல."

"இன்னும்னா?"

"பட்டையக் குடுங்க. உங்க அழுக்கு ஏப்ரன் எங்க?"

"இந்தா, ஆணில தொங்குது. நாளைக்கு வியாழன், எப்பவும் போல நீயே வந்து எடுத்துக்குவேன்னு விட்டேன்." ஈரக் கையை உதறினார். "இதப் பாரு. வீட்டுல ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கணும். எனக்கு ரெண்டு பக்கமும் தலை ஆட்டத் தெரியாது. உள்ளது எதுவோ அதைச் சொல்லிடு. அது உன்மேலயே விழுந்தாலும்."

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே சொன்னார். ஊசி ஏப்ரனைச் சுருட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள்.

மணி மூன்று ஐம்பது.

ஏப்ரனை மேசையில் விரித்தாள். பார்க்கச் சாதாரண அழுக்குத்தான், சாம்பல் நிறத்தில். காந்தப் பட்டையை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, ஏப்ரன்மேல் இஸ்திரி போடுவது போல இழுத்தாள். திருப்பிப் பார்த்தபோது பட்டை முழுக்கக் கறுப்பாகத் தாடி முளைத்திருந்தது.

நுரை குனிந்து பார்த்தாள். "இது என்ன அண்ணி?"

"இரும்புப் பொடி. மாவை விட நைஸா இருக்கு."

"இது எப்படி துணியைத் தின்னும்?"

"தனியா தின்னாது. பவுடரும் தனியா தின்னாது. ரெண்டும் சேரணும்." பேசப் பேச அவளுக்கே தெளிவானது. வெளுப்புத்தூள் வெந்நீரில் ஆக்சிஜனை மெதுவாக வெளியே விடும். அந்த ஆக்சிஜன்தான் கறையை வெளுக்கிறது. மெதுவாக விடுவதால்தான் துணி தப்பிக்கிறது. இரும்பு அதை அவசரப்படுத்தும். இரும்புத் துகள் ஒட்டியிருக்கிற அந்த ஒரு புள்ளியில் மட்டும் வேலை எல்லாம் ஒரேயடியாக நடக்கும். கறையோடு சேர்த்துப் பஞ்சையும் அறுத்துவிடும். அந்தப் பழுப்பு வளையம் தேநீர் இல்லை, துரு.

"ஆனா நெனப்பு போதாது. அஞ்சு மணிக்கு வர்றவங்க நெனப்பை நம்ப மாட்டாங்க. கண்ணால பார்க்கணும்."

மூன்று கண்ணாடிக் குவளைகள் எடுத்தாள். ஒரே கோட்டின் கையிலிருந்து மூன்று துண்டு வெட்டினாள். முதல் குவளையில் வெந்நீரும் தூளும், சுத்தமான துண்டு. இரண்டாவதில் தூள் கலக்காத வெந்நீர், இரும்புப் பொடி தேய்த்த துண்டு. மூன்றாவதில் இரண்டும். பல துவைப்பில் நடப்பது ஒரு மணி நேரத்தில் நடக்க வேண்டும் என்பதால் தூள் பத்து மடங்கு.

"தூளை நான் போடுறேன்" என்றாள் நுரை. டப்பாவைத் திறந்து, ஸ்பூனில் எடுத்து, ஆள்காட்டி விரலால் வழித்து மட்டமாக்கி, ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டாள். ஒரு துளித் தூள் கூடச் சிந்தவில்லை. ஊசி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சில நிமிஷத்தில் மூன்றாவது குவளையில் தெரிந்தது. ஒவ்வொரு கறுப்புப் புள்ளியிலிருந்தும் நூல் போலக் குமிழிகள் மேலே ஏறத் தொடங்கின. மற்ற இரண்டு குவளையிலும் துணி சும்மா கிடந்தது.

இருவரும் குவளைகளுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். தண்ணீர் ஆறாமல் இருக்க ஊசி அவற்றை ஒரு சுடுதண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்திருந்தாள். கடிகார முள் நகரும் சத்தம் கேட்டது.

நாலரைக்கு நுரை கேட்டாள். குரல் அமைதியாகவே இருந்தது.

"வியாழக்கிழமை அண்ணன் ஏப்ரனை உள்ள போடுறது யாரு அண்ணி?"

ஊசி குவளையையே பார்த்தாள்.

"நான் டிரம்மை நிரப்புறதே இல்ல. அது உங்க ராஜ்ஜியம். பொறுப்பாளர் கைதான் கடைசியா வைக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க."

"தெரியுதுல்ல. அப்புறம் என்ன கேள்வி?"

"தெரிஞ்சதை நீங்க சொல்வீங்களா, நான் சொல்லணுமான்னுதான் கேள்வி. நான் சொன்னா தப்பிக்கப் பேசுறேன்னு சொல்வாங்க. என் பேர் அப்படி."

மேசைமேல் தாள் காற்றில் லேசாகத் தூக்கி அடங்கியது.

ஐந்து அடிக்க நான்கு நிமிஷம் இருக்கும்போதே கதவு திறந்தது. மேலாளர் முன்னால், தலைமைச் சமையல்காரர் பின்னால். அவர் மாற்றுக் கோட்டில் இருந்தார், கைக்குப் பற்றாத அளவு.

"ஆச்சாம்மா?" மேலாளர் தாளைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது.

"ஆகல சார். இங்க வாங்க. விரலைக் குடுங்க."

"என்னது?"

"விரலைக் குடுங்க சார், கடிக்க மாட்டேன்."

முதல் துண்டை இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் அலசி, அவர் இரண்டு கையிலும் கொடுத்தாள். "இழுங்க." இழுத்தார். கிழியவில்லை. "இதுல பவுடர் பத்து மடங்கு. ஒண்ணும் ஆகல பாருங்க." இரண்டாவதையும் கொடுத்தாள். அதுவும் கிழியவில்லை. மூன்றாவதைத் தலைமைச் சமையல்காரரிடம் கொடுத்தாள். அவர் கட்டைவிரலால் ஒரு புள்ளியை அழுத்தினார். விரல் நுனி மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மற்றொரு புள்ளியை அழுத்தினார். அங்கேயும்.

"அட!" என்றார். கோபத்தை மறந்து ஒவ்வொரு புள்ளியாகக் குத்த ஆரம்பித்தார். "இது அதே ஓட்டை. இதேதான். என்ன போட்டீங்க?"

"கத்தியிலேர்ந்து வர்ற இரும்புப் பொடி."

"அது துணிக்குள்ள எப்படி வந்துச்சு?" இது மேலாளர்.

இதுதான் அந்தக் கேள்வி. நுரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் போட்டேன் சார்" என்றாள் ஊசி. "வியாழக்கிழமை டிரம் காலியா இருக்குன்னு, என் வீட்டுக்காரர் ஏப்ரனை உங்க வெள்ளைக் கோட்டோட போட்டது நான். ஏழு வாரமா. இவளுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. பவுடர் கூடிருக்கும்னு சொன்னதும் நான்தான். பார்க்காம சொன்னேன். அந்தத் தாள்ல பேர் எழுதணும்னா என் பேரை எழுதிக்குங்க."

மேலாளர் தாளை எடுத்தார், நான்கு வரியையும் படித்தார், யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தலைமைச் சமையல்காரரைப் பார்த்தார்.

அவர் இன்னும் துண்டை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார். "ஆளை அனுப்பிட்டு இந்தக் கோட்டை எல்லாம் யார் தைக்கிறது? நீரா?" என்றார் மேலாளரிடம். "இனிமே விழாதுன்னு காட்டட்டும். மூணு வியாழன் பார்ப்போம். நாலாவது வியாழன் ஒரு ஓட்டை விழுந்தாலும் ரெண்டு பேரும் கிளம்பட்டும்."

"ரெண்டு பேரும் எதுக்கு?" என்றாள் நுரை. "நான் எதுவும் பண்ணலயே."

"அதுவும் சரிதான்" என்றார் அவர். "அவங்க மட்டும்."

மேலாளர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். கிழிக்கவில்லை. ஊசி அதைக் கவனித்தாள்.

அவர்கள் போனபிறகு அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "பாரு, நான்..."

"இப்ப வேண்டாம் அண்ணி. எனக்கு இன்னும் ஆறல. அஞ்சு வாரமா எல்லாரும் என் கையையே பார்த்தாங்க, நீங்களும் சேர்ந்து பார்த்தீங்க." அவள் ஒரு நீலக் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இந்தத் துணி நல்லாதானே இருக்கு? புள்ளிதானே போச்சு? ஊசியைக் குடுங்க. ஆளுக்குப் பாதி தைப்போம்."

ஊசி தன் காலரிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தாள். தனக்கு வேறு ஒன்று தேடிக்கொண்டாள். ஓட்டைக்குக் குறுக்கும் நெடுக்குமாக நூலைப் பின்னி அடைத்தார்கள். பதினான்கில் ஒன்றைக்கூடக் குப்பைக்கு அனுப்பவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை மெஷின் நின்றதும் தலைமைச் சமையல்காரர் தானே வந்து நின்றார். ஒவ்வொரு கோட்டையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்கள். புதிதாக ஓர் ஓட்டை இருந்தது. பழைய துகள், முன்பே பாதி தின்று வைத்திருந்தது என்று பழுப்பு வளையத்தைக் காட்டி விளக்கினாள். அவர் தலையாட்டவில்லை. அன்று மதியமே நீலக் கோட்டு ஒவ்வொன்றின் பையையும் கைமடிப்பையும் வெளியே திருப்பி, காந்தப் பட்டையால் இரண்டு பேரும் தேய்த்து எடுத்தார்கள். இரண்டாவது வியாழன் ஒன்றும் விழவில்லை. மூன்றாவது வியாழனும் விழவில்லை. கெடு வைத்த நாலாவது வியாழனும் விழவில்லை, ஊசியின் வேலை தப்பியது.

அவர்கள் மாற்றியது இவ்வளவுதான். சாணைக்காரரின் ஏப்ரனைக் கழற்றிய இடத்திலேயே காந்தத்தால் துடைத்துவிடுகிறார்கள். பிறகு அதைத் தனியாக, ஒரு வாளியில், வெளுப்புத்தூள் போடாமல், வெறும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு துவைக்கிறார்கள். வெள்ளைக் கோட்டுகளோடு அது எந்த நாளும் சேர்வதில்லை. வியாழக்கிழமை டிரம்மில் மீதி இடத்தைப் பழைய வெள்ளைத் துண்டுகளால் நிரப்புகிறார்கள், மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு.